எடை குறைந்த பின்னும் கவனம் வேண்டும்
(சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களும் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சையும்)

நம் வீடுகளில் இனிப்பு நீரைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் கூச்சமின்றிப் பேசுகிறோம். அன்னதானக் கூடத்தில் இலை முன் அமர்ந்துகொண்டே தத்தம் சர்க்கரை அளவை ஒப்பிட்டுப் பார்க்கும் பெரியவர்களை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஆனால் மகளுக்கு நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை, மோவாயில் முடி வளர்கிறது என்றால் தாயின் குரல் தாழ்ந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது, பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழக் கூடாது என்ற கவலைதான் முன்னால் வந்து நிற்கிறது.

தாழ்ந்த குரலில் பேசப்படும் அந்நோயை மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். தமிழில் சினைப்பை நீர்க்கட்டி நோய் என்று வழங்குகிறோம். பிள்ளைப்பேற்று வயதில் உள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். நம் நாட்டில் புத்ரா பல்கலைக்கழகத்தின் பெண் பணியாளர்களிடையே நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த ஆய்வு 12.6 விழுக்காடு என்று காட்டியது. அதாவது எட்டுப் பேரில் ஒருவர். இவ்வளவு பேருக்கு இருக்கும் ஒன்றை மறைத்துப் பேச என்ன இருக்கிறது?

இப்பெண்களில் உடற்பருமன் மிகுந்த சிலர் அண்மைய ஆண்டுகளில் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். சுமத்திராவிலிருந்துகூட நோயாளிகள் கடல் கடந்து வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும் ஊர் நம் பினாங்கு. ஆகவே இத்தகைய சிகிச்சையைப் பற்றிய பேச்சு நமக்குப் புதிதன்று. சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியவற்றை மருத்துவமனையிலேயே விளக்கிவிடுவார்கள். அதன் பிறகு வரும் மாதங்களும் ஆண்டுகளும் வீட்டில்தான் கழிகின்றன. தாய், மாமியார், கணவர், சமையலறை, விரதம், விருந்து எல்லாம் குறுக்கே வரும் பகுதி அது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இவ்வறுவை சிகிச்சைக்குப் பின் விரைவில் திரும்பிவிடுவது கருத்தரிக்கும் ஆற்றல். ஆனால் அந்த வேளையில் ஒரு கருவைச் சுமக்க உடல் ஆயத்தமாக இருப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன.

கட்டி அல்லாத கட்டி

நீர்க்கட்டி என்றதும் அறுத்தெடுக்க வேண்டிய கட்டி என்று பலர் அஞ்சுகிறார்கள். பெயர்தான் அப்படி. மாதந்தோறும் ஒரு முட்டை முதிர்ந்து வெளிவர வேண்டிய சினைப்பையில், பாதி வளர்ச்சியில் நின்றுபோன சிறு முட்டைப் பைகளே ஸ்கேன் படத்தில் முத்துக் கோத்தாற்போல் தெரிகின்றன. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்மைச் சுரப்பின் மிகுதி, ஸ்கேனில் காணும் இத்தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணம் எதுவும் இல்லையெனில் இந்நோய் என்று முடிவு செய்கிறார்கள். 2003-இல் ரோட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல் இது.

1935-இல் சிக்காகோ நகரத்து மருத்துவர்கள் ஸ்டெயின், லெவன்தால் இருவரும் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்நோய் முதன்முதலாக விரிவாகச் சொல்லப்பட்டது. அவர்கள் சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது, இருவர் கருவுற்றார்கள். அன்று சினைப்பையில் கத்தி வைத்தார்கள். இன்று இரைப்பையில் வைக்கிறார்கள்; சினைப்பை சீராகிறது. வயிற்றுக்கும் கருமுட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும்.

தொடர்பு இன்சுலின். உணவிலிருந்து வரும் சர்க்கரையை உடலின் உயிரணுக்களுக்குள் சேர்ப்பது இதன் வேலை. இந்நோய் உள்ள பெரும்பாலோரின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை. பேச்சைக் கேட்காத வகுப்பில் ஆசிரியரின் குரல் உயர்வதுபோல், கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகள் கேளாவிட்டாலும் சினைப்பைக்கு அந்த உரத்த குரல் நன்றாகவே கேட்கிறது. அது டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண்மைச் சுரப்பைக் கூடுதலாக உண்டாக்குகிறது. இரத்தத்தில் அச்சுரப்பைக் கட்டி வைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. முட்டை முதிர்வது நிற்கிறது, மாதவிடாய் தள்ளிப்போகிறது, முகத்தில் முடி, பரு.

பெண்ணின் பிடரியும் அக்குளும் கறுத்துத் தடித்திருப்பதைப் பார்த்து, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று கடிந்துகொண்டு எலுமிச்சையும் கடலை மாவும் போட்டுத் தேய்க்கும் தாய்மார்களை நான் பள்ளியில் பணியாற்றிய காலந்தொட்டுக் கண்டு வருகிறேன். அது அழுக்கன்று. இன்சுலின் மிகுந்திருப்பதைத் தோல் காட்டும் அடையாளம். தேய்த்தால் போகாது, இன்சுலின் இறங்கினால் தானே வெளுக்கும்.

நம் இனத்தாருக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் வயது வந்தோரிடையே இனிப்பு நீர் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு இனிப்பு நீர் வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம் என்பதால், இது பிள்ளைப்பேறு பற்றிய நோய் மட்டுமன்று. ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. அவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சையால் வேலையில்லை.

சிகிச்சை என்ன செய்கிறது?

பெரும்பாலும் இரண்டு முறைகள். ஸ்லீவ் என்பதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிட்டு வாழைப்பழம்போல் ஒரு குழாயை விட்டு வைக்கிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பை உண்டாக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸ் என்பதில் மேலே ஒரு சிறு பையை மட்டும் பிரித்து அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள்; குடலின் முதற்பகுதியை உணவு தொடாமலே கடந்துவிடும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகமாக உறிஞ்சப்படும் இடம் அதுவே. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆசிய மக்களுக்கு உடல் எடைக் குறியீடு 27.5-ஐத் தாண்டினாலே உடற்பருமன் என்று கொள்கிறார்கள். அறுவை சிகிச்சை யாருக்கு என்பதை எடையோடு இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு முதலியவற்றையும் பார்த்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். கல்யாணத்துக்குள் மெலிய வேண்டும் என்பது அதற்குரிய காரணமன்று.

பலன் மெய்யானதே. பதின்மூன்று ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியான கட்டுரையின்படி, சிகிச்சைக்கு முன் 45.6 விழுக்காட்டினருக்கு இருந்த சினைப்பை நீர்க்கட்டி ஓராண்டில் 6.8 விழுக்காடாகக் குறைந்தது. ஒழுங்கற்ற மாதவிடாய் 56.2-இலிருந்து 7.7-க்கு இறங்கியது. முகத்திலும் உடலிலும் முடி வளர்வது மட்டும் 67-இலிருந்து 38.6-க்குத்தான் இறங்கியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2024-இல் லான்செட் இதழில் வெளியான லண்டன் ஆய்வு இன்னும் நேரடியானது. சினைப்பை நீர்க்கட்டியும் உடற்பருமனும் உள்ள 80 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சையும் மற்றப் பிரிவினருக்கு மருந்தும் வாழ்க்கைமுறை ஆலோசனையும் அளித்தார்கள். 52 வாரங்களில் மருந்துப் பிரிவினருக்குச் சராசரியாக இரண்டு முறை முட்டை வெளிவந்தது. அறுவைப் பிரிவினருக்கு ஆறு முறை. அதே ஆய்வில் சிகிச்சையின் தொல்லைகளும் அறுவைப் பிரிவினருக்கே அதிகம். மூன்றில் இரு பங்கினர் ஏதேனும் ஒரு தொல்லையை அனுபவித்தார்கள். நன்மையை மட்டும் சொல்லித் தொல்லையை விட்டுவிடுவது விளம்பரத்துக்குத்தான் சரி.

பிள்ளைக்குப் பொறுத்திருக்கும் காலம்

உனக்குப் பிள்ளை பிறப்பது கடினம் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன பெண்ணுக்கு, கருத்தடை பற்றிய எண்ணமே இருப்பதில்லை. சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே, எடை முழுதும் குறையும் முன்னரே, இன்சுலின் இறங்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் சினைப்பை விழித்துக்கொள்கிறது. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்னரே ஒரு முட்டை வெளிவந்துவிடலாம். அதாவது மாதவிடாய் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர், மாதவிடாயையே காணாமல் கருவுறக் கூடும்.

அந்த மாதங்களில் உடல் தன் கொழுப்பைக் கரைத்தே உயிர் வாழ்கிறது. வயிறு கையளவு உணவைத்தான் ஏற்கும். இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12, வைட்டமின் டி எல்லாம் தரையைத் தொட்டிருக்கும். தாய்க்கே போதாத இடத்தில் சேய்க்கு எங்கிருந்து வரும்? ஆகவேதான் எடை நிலைபெறும் வரை, குறைந்தது ஓராண்டு, பெரும்பாலும் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் வீட்டில் இது நேர்ந்தது. திருமணமாகி ஆறு ஆண்டு குழந்தையில்லை. வேறு மாநிலத்தில் அறுவை சிகிச்சை. ஐந்தாம் மாதம் மயக்கமும் வாந்தியும். சிகிச்சையின் விளைவு என்றே எல்லாரும் எண்ணினார்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் வீடே கொண்டாடியது. இரத்தச் சோகைக்காக இருமுறை மருத்துவமனையில் படுத்தெழுந்த அந்தப் பெண்ணுக்குத்தான் அந்த எட்டு மாதத்தின் அச்சம் தெரியும். குழந்தை நாளுக்கு முன்பே, எடை குறைவாகப் பிறந்தது. இன்று தாயும் சேயும் நலம். இப்படித் திட்டமிடாமல் கருவுற்றவர்கள் பதறிவிட வேண்டியதில்லை. உடனே மகப்பேற்று மருத்துவரிடம் சொன்னால் போதும். ஆனால் காத்திருக்க முடிந்தவர்கள் காத்திருப்பதே நன்று.

சுவீடன் நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2015-இல் வெளியான பெரிய ஆய்வொன்று இரு பக்கங்களையும் காட்டியது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மாருக்குக் கர்ப்ப கால இனிப்பு நீர் 1.9 விழுக்காடு, அதே பருமனுள்ள மற்றத் தாய்மாருக்கு 6.8. மறுபக்கம், வளர்ச்சி குன்றிய குழந்தைகள் 15.6 விழுக்காடு; மற்றவருக்கு 7.6. ஒரு கை கொடுக்கிறது, மறு கை எடுக்கிறது. சத்தும் கண்காணிப்பும் அந்த இரண்டாம் கையைத் தடுத்து நிறுத்தும் வழிகள்.

கருத்தடைக்கு எதைப் பயன்படுத்துவது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. மாதவிடாயைச் சீராக்கவும் முடியைக் குறைக்கவும் இந்நோயாளிகளுக்குப் பல காலமாகக் கொடுக்கப்படுவது கருத்தடை மாத்திரையே. பைபாஸுக்குப் பின் அம்மாத்திரை குடலில் சரிவர உறிஞ்சப்படும் என்று நம்ப முடியாது. வாந்தியும் பேதியும் இருந்தால் ஸ்லீவ் செய்தவருக்கும் அதே நிலைதான். எனவே கருப்பையினுள் வைக்கும் சாதனம், தோலுக்கடியில் வைக்கும் குச்சி போன்றவற்றையே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அரசாங்கச் சுகாதார நிலையங்களிலும் தேசிய மக்கள் தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் இதற்கான ஆலோசனை கிடைக்கும். கணவரும் உடன் செல்வது நலம். பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டுக் காரில் உட்கார்ந்திருக்கும் வழக்கம் நம்மவரிடம் இருக்கிறது.

காத்திருந்து கருவுறும்போது, முன்னதாகவே ஃபோலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். கர்ப்ப கால இனிப்பு நீரைக் கண்டறியக் குடிக்கச் சொல்லும் குளுக்கோஸ் தண்ணீர் பைபாஸ் செய்தவருக்கு ஒத்துக்கொள்ளாது. படபடப்பும் மயக்கமும் வரும். விரலில் குத்திச் சில நாள் சர்க்கரை அளவைக் குறித்து வரும் மாற்று வழி இருக்கிறது. தாம் அறுவை சிகிச்சை செய்துகொண்டதைத் தாதியிடம் சொன்னால்தானே அவர் மாற்று வழியைத் தருவார்? மாமியாருக்குத் தெரியாமல் சிகிச்சை செய்துகொண்டு, பரிசோதனை அறையிலும் அதை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் மெலிந்துவிட்டாள், இனியென்ன தாமதம் என்று மாதா மாதம் கேட்காதீர்கள். ஒன்றரை ஆண்டு என்பது தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசம் போய், அதன் பிறகு ஆடி மாதம் வரை. அவ்வளவுதான்.

மாதவிடாய் திரும்பும்போது

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை மட்டுமே மாதவிடாய் கண்ட பெண்ணுக்கு அது மாதந்தோறும் வரத் தொடங்குவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் மாதந்தோறும் இரத்தமும் போகிறது. அதே வேளையில் இரும்பு உறிஞ்சப்படும் குடற்பகுதியை உணவு தொடுவதில்லை, அல்லது இரைப்பையில் அமிலம் குறைந்துவிட்டது. இதனோடு சைவ உணவும் சேர்ந்தால் இரத்தச் சோகை வருவதற்கு வேறென்ன வேண்டும்? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லும் பெண்ணை, சாப்பிடாமல் கிடந்தால் அப்படித்தான் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மாதவிடாய் உள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும் என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. கடையில் கிடைக்கும் சாதாரண வைட்டமின் மாத்திரையில் அவ்வளவு இருக்காது. சுண்ணாம்பு மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீரும் இரும்பைத் தடுக்கும். ஆகவே காலை மாத்திரையோடு தே தாரேக் என்பது ஆகாது. அதிலுள்ள சர்க்கரையும் சேர்த்து இரட்டைக் கெடுதல்.

மாதவிடாயோடு வயிற்று வலியும் திரும்பும். நம் பெண்கள் உடனே நாடுவது போன்ஸ்டான். பைபாஸ் செய்தவர்கள் இவ்வகை வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். புது இணைப்பில் புண் உண்டாகி இரத்தம் கசியலாம். பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். மருந்துக்கடையில் கேட்கும்போதே, இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். திருவிழா, கிரகப்பிரவேசம், திருமணம் என்றால் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்திய முதல் மாதங்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடுதலாக இருக்கும். இத்தகைய மாத்திரைகள் அதை மேலும் கூட்டக் கூடும். மேலும் அவரது சினைப்பை தானாக இயங்குகிறதா என்பதை மருத்துவர் அறிவதே அந்த மாதவிடாய்த் தேதிகளைக் கொண்டுதான். மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்ய வேண்டாம். ஆலயக் குழுவில் இருப்பவள் என்ற முறையிலும் சொல்கிறேன்: அடுத்த வாரம் வந்து வணங்கினாலும் அம்பாள் அங்கேயேதான் இருப்பாள்.

சிலருக்கு எடை நன்றாகக் குறைந்தும் மாதவிடாய் திரும்புவதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு மகப்பேற்று மருத்துவர். உதிரம் போகாமல் கருப்பையின் உட்சவ்வு ஆண்டுக்கணக்கில் தடித்துக்கொண்டே இருந்தால் பிற்காலத்தில் புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம். மாதவிடாய் வராதது சௌகரியம் என்று விட்டுவிடக் கூடாது.

முடி: ஓரிடத்தில் உதிரும், ஓரிடத்தில் நிற்கும்

சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பழைய நோய் திரும்பிவிட்டது என்று பெண்கள் அழுகிறார்கள். பெரும்பாலும் அப்படியன்று. அறுவையும் விரைந்த எடைக்குறைவும் உடலுக்குத் தந்த அதிர்ச்சியால் முடி ஓய்வு நிலைக்குப் போய் உதிர்கிறது. சத்துணவு சரியாக இருந்தால் திரும்ப வளரும். ஆண்டு கடந்தும் நிற்காவிட்டால் இரும்பு அளவையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

முகத்து முடி வேறு கதை. முன்னர்ச் சொன்ன கணக்கில் அது மட்டும் பாதிகூடக் குறையவில்லை அல்லவா? ஒருமுறை தடித்துக் கறுத்து வளரத் தொடங்கிய முடியின் வேர், ஆண்மைச் சுரப்பு குறைந்தாலும் பழைய பூனைமுடியாக மாறிவிடுவதில்லை. புதிதாக முளைப்பது குறையும், இருப்பது இருக்கும். மாற்றம் தெரியவே ஆறு மாதம் ஆகும். சவரம் செய்தால் அடர்த்தியாக வளரும் என்பது கட்டுக்கதை. நிரந்தரமாகக் குறைக்க லேசர் உண்டு. நம் நிறத்தவர்க்குத் தவறான லேசர் தோலைச் சுட்டுவிடும் என்பதால், மாநிறத்துக்குரிய கருவி உள்ள தோல் மருத்துவரிடமே செல்ல வேண்டும். முடியைக் குறைக்கத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்து கருவிலுள்ள ஆண் குழந்தையைப் பாதிக்கலாம். நம்பத்தகுந்த கருத்தடை இல்லாமல் அதை எடுக்கலாகாது.

விரதமும் விருந்தும்

சைவ உணவே உண்டு இச்சிகிச்சைக்குப் பின் நன்றாக வாழ முடியும். ஆனால் நம் சைவச் சாப்பாடு பெரும்பாலும் சோறும் குழம்பும்தான். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். வயிறு ஏற்பதோ சில மேசைக்கரண்டிகள். ஆகவே தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, இடமிருந்தால் சோறு. நூறு கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19 கிராம் புரதம் உண்டு. சௌராஸ்தா சந்தையில் மலிவாகக் கிடைக்கும் இந்தப் பொருளை நம்மவர்கள் இன்னும் மலாய்க்காரர் உணவென்றே நினைக்கிறார்கள். தவ்ஹு, பருப்பு, கொண்டைக்கடலை, சர்க்கரை சேர்க்காத தயிர், முட்டை உண்பவர்க்கு முட்டை. நன்றாக மென்று, அரை மணி நேரம் எடுத்து உண்ண வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இடையில் மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும்.

ஒரு கிண்ணம் பாயசமோ சர்க்கரைப் பொங்கலோ உள்ளே போனால், குறிப்பாகப் பைபாஸ் செய்தவருக்குச் சிறிது நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கிப் பேதியாகும். பஞ்சாமிர்தம் விரல் நுனியளவு போதும். பிரசாதம் அளவால் ஆவதன்று. அன்னதானத்தில் பரிமாறும் தொண்டர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: போதும் என்று கைகாட்டுகிறவரின் இலையில் அன்பின் மிகுதியால் இன்னொரு அகப்பை வைக்காதீர்கள்.

தைப்பூச விரதத்தில் பலர் ஒரு வேளை மட்டும் உண்கிறார்கள். ஐந்தாறு முறை சிறிது சிறிதாக உண்ண வேண்டியவருக்கு அது பொருந்தாது. முதல் ஓராண்டில் பட்டினி விரதமும் நீரருந்தா விரதமும் வேண்டாம். சைவம் காத்து, வேளை தவறாமல் சிறிதளவு உண்டு, பால்குடம் எடுக்கலாம். அதையும் உணவியல் அதிகாரியிடம் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. தண்ணீர்மலையின் 513 படிகளையும் ஏறுவதற்கு முன் இரத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாள்களில் தாவரவியல் பூங்காவில் நடக்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. இதனோடு எடை தூக்கும் பயிற்சியும் இருந்தால் தசை கரையாது. இன்சுலினுக்குச் செவிசாய்ப்பது தசைதான்.

விரதமின்றியே ஒருவர் எதை உண்டாலும் நாள்தோறும் வாந்தி எடுக்கிறார் என்றால் வீட்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. வைட்டமின் பி1 வற்றிப்போய் மூளையையும் நரம்பையும் தாக்கும். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

விட்டுவிடக் கூடாத பரிசோதனைகள்

இந்நோயாளிகள் பலர் மெட்ஃபார்மின் உட்கொள்கிறவர்கள். மெதுவாகக் கரையும் வகை பைபாஸுக்குப் பின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதை நசுக்கியும் விழுங்கக் கூடாது. வேறு வகைக்கு மாற்ற வேண்டுமா, நிறுத்தலாமா என்பது மருத்துவரின் முடிவு. மெட்ஃபார்மின் பி12 சத்தைக் குறைக்கும். அறுவை சிகிச்சையும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தவர் கால் மரத்துப்போவதை வயதின் மேல் பழி போடாமல் இரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முதலாண்டில் மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களில் இரத்தப் பரிசோதனை. அதன் பின் ஆயுள் முழுதும் ஆண்டுக்கொரு முறை. முதலாண்டு எல்லாரும் போகிறார்கள். எடை குறைந்து, புதுச் சேலை கட்டி, உறவினர் பாராட்டும் பெற்ற பிறகு இரண்டாமாண்டு போவது நின்றுவிடுகிறது. எடை மெல்ல ஏறத் தொடங்குவதும் பெரும்பாலும் இரண்டாமாண்டுக்குப் பிறகே. எடை ஏறினால் இன்சுலினும் ஏறும், மாதவிடாய் மீண்டும் தள்ளிப்போகும், பிடரி மீண்டும் கறுக்கும். அப்போது வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளத் தேவையில்லை. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளுடைடு போன்ற ஊசி மருந்துகள் இன்று உண்டு. பிள்ளைக்குத் திட்டமிடுபவர் அதை இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். மனச்சோர்வும் இந்நோயோடு அதிகம் காணப்படுவது. உடல் மெலிந்தும் மனம் தெளியாதவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லலாம்.

சிகிச்சை தனியார் மருத்துவமனையில் நடந்திருந்தாலும், பின்தொடர் பரிசோதனைகளுக்கு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம்; தேவைப்பட்டால் அங்கிருந்து பினாங்கு பொது மருத்துவமனையின் நிபுணர்களுக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள்: செய்தது ஸ்லீவா பைபாஸா, செய்த தேதி, இப்போது விழுங்கும் மாத்திரைகள். கடைசி மாதவிடாய்த் தேதியையும் அதன் கீழே ஒவ்வொரு மாதமும் குறித்து வாருங்கள்.